நூல், கைடு, ஃபென்ஸ்

மரவேலை பத்தி எழுதச் சொல்லி யாரும் கேட்கலை. ஆனாலும் ஒரு இரும்புச் சட்டத்துக்குப் பின்னாடி இருநூறு வருஷத்துக்கும் மேல கதை இருக்குன்னு தெரிஞ்ச பிறகு எழுதாம இருக்க முடியலை. கவிதை எதிர்பார்த்து வந்தவங்க அடுத்த பதிவு வரைக்கும் பொறுத்துக்கங்க :-)

எந்த இரும்புச் சட்டம்? டேபிள் சா பாத்திருப்பீங்க. ஒரு மேசை, அதோட நடுவுல இருந்து மேல எட்டிப் பாக்குற வட்ட ரம்பம். பலகையை நீளவாக்குல அறுக்கும்போது அது ரம்பத்துக்கு இணையா நேரா போகணும் இல்லையா? அதுக்குன்னு வலது பக்கம் ஒரு சட்டம் இருக்கும். பலகையோட ஓரத்தை அதுல அண்டக் குடுத்துத் தள்ளணும். சட்டத்தை ரம்பத்துல இருந்து மூணு அங்குலம் தள்ளி இறுக்கினா மூணு அங்குல ரீப்பர் வரும். இங்கிலீஷ்காரன் வச்ச பேரு ரிப் ஃபென்ஸ். நம்ம பட்டறைகள்ல அது வெறும் கைடு. "ஃபென்ஸ் மாத்தப்போறேன்"னு பக்கத்துத் தெரு ஆசாரிகிட்ட சொன்னேன். "பென்ஸு வாங்குற அளவுக்கா தம்பி மரவேலையில வருது?"ன்னு கேட்டார். அதுல இருந்து நானும் கைடுன்னே சொல்லிக்கிட்டு இருக்கேன். இந்தப் பதிவுல மட்டும், வெளியூர்க் கதை நிறைய வர்றதால, ஃபென்ஸ்.

கைடு வர்றதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு? நூல். இன்னிக்கும் இருக்கு. காவியிலயோ கரியிலயோ தோய்ச்ச நூலை மரத்தோட ரெண்டு முனையிலயும் இழுத்துப் பிடிச்சு, நடுவுல தூக்கிச் சுண்டி விட்டா நேர்கோடு விழும். பெரிய மரத்தை மேல ஒருத்தர், கீழ ஒருத்தர் நின்னு இழுத்து அறுத்த காலத்துல அந்தக் கோடுதான் எல்லாமே. மேல நிக்கிறவர் கண்ணு கோட்டுல, கீழ நிக்கிறவர் கண்ணுல மரத்தூள். நன்னூல் எழுதின பவணந்தி முனிவர், ஒரு புத்தகத்தை ஏன் நூல்னு சொல்றோம்னு விளக்கறப்ப, மரத்தோட கோணலைத் தீர்க்கிற இந்தத் தச்சு நூலைத்தான் உவமையா எடுத்துக்கறார். அளவுக்கும் அதே பேருதான். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். "அரை நூல் குறையுது"ன்னு ஒரு ஆசாரி சொன்னா ஒண்ணரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம்னு அர்த்தம். நேர்கோடு, அளவு, புத்தகம் மூணுக்கும் ஒரே வார்த்தையை வச்சிருக்கற மொழி நம்மளோடது.

நூலால ஆன வேலையை இரும்பு எப்ப எடுத்துக்கிச்சு?

1777ல் சாமுவேல் மில்லர் என்கிற சவுதாம்ப்டன் நகரத்துக்காரர் வாங்கின காப்புரிமையில வட்ட ரம்பம் பத்தின குறிப்பு வருது. அவர் தொழில் கப்பல் பாய் தைக்கறது. அமெரிக்காவுல வேற கதை சொல்வாங்க. ஷேக்கர் சமயக் குழுவைச் சேர்ந்த தபிதா பாபிட் என்கிற பெண், ஆண்கள் ரெண்டு பேர் ரம்பம் இழுக்கறதைப் பாத்து, இழுக்கும்போது மட்டும்தான் அறுக்குது, திரும்பி வர்ற பாதி உழைப்பு வீண்னு கண்டுபிடிச்சு, தன் நூற்பு ராட்டை மாதிரி ரம்பத்தைச் சுத்த விட்டாராம். வருஷம் 1813. அழகான கதை. ஆனா மில்லரோட காப்புரிமை அதுக்கு 36 வருஷம் முந்தினது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் சாமுவேல் பென்தம். தத்துவவாதி ஜெரமி பென்தமோட தம்பி. 1791லயும் 1793லயும் மரவேலை இயந்திரங்களுக்கு விரிவான காப்புரிமைகள் வாங்கினார். இழைக்கறது, அறுக்கறது, துளை போடறதுன்னு பெரிய பட்டியல். அண்ணன் தம்பி ரெண்டு பேர் மனசுலயும் இருந்தது ஒரு சிறைச்சாலை. தொழில் தெரியாத கைதிகளை வச்சு இந்த இயந்திரங்களை ஓட்டணும்கறது திட்டம். சிறை கட்டலை. ஆனா அந்த யோசனையைக் கொஞ்சம் நின்னு பாருங்க. தொழில் தெரியாதவன் கோணாம அறுக்கணும்னா அவனோட கையில இருக்க வேண்டிய திறமை மேசையில இருந்தாகணும். நூலைப் பாத்து அறுக்கறதுக்குப் பத்து வருஷப் பழக்கம் வேணும். கைடுல அண்டக் குடுத்துத் தள்ளறதுக்குப் பத்து நிமிஷம் போதும்.

அது சும்மா யோசனையா நிக்கலை. பென்தம் கடற்படையில அதிகாரியா இருந்தப்பதான் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துல, கப்பல் கயிறு ஓடுற மரக்கப்பிகளைச் செய்ய புரூனல் வடிவமைச்ச 45 இயந்திரங்களை நிறுவினாங்க. செஞ்சு குடுத்தவர் ஹென்றி மாட்ஸ்லே. 1808 வாக்குல வருஷத்துக்கு 1,30,000 கப்பிகள். 110 பேர் செஞ்ச வேலைக்கு 10 பேர் போதும்னு கணக்கு. மிச்சம் 100 பேர் என்ன ஆனாங்கன்னு அந்தக் கணக்குல இல்லை.

நம்ம பக்கம் பெரிய அளவுல அறுவை இயந்திரம்னா அந்தமான் சாத்தம் தீவு மர அறுவை ஆலையைத்தான் சொல்லணும். 1883ல் ஆரம்பிச்சது. 1942ல் ஜப்பான் விமானங்கள் அது மேல குண்டு போட்டன. அந்த மாதிரி ஆலையில அறுக்கறது முழு மரம். நான் பேச வந்தது, வீட்டுக்குப் பின்னாடி ஷெட்டுல ஒத்தை ஆள் ஓட்டுற மேசை. அதுக்கு அமெரிக்காவுக்குத்தான் போகணும்.

1919ல் மில்வாக்கி நகரத்துல ஹெர்பர்ட் டாட்ஸ் தன் வீட்டு கராஜ்ல ஒரு சின்னக் கம்பெனி ஆரம்பிக்கிறார். அதுதான் பின்னாடி டெல்டா. வீட்டுல மரவேலை செய்யற ஆளுங்களுக்கும் சின்னப் பட்டறைகளுக்கும் மெஷின் விக்கறது தொழில். 1939ல் யூனிசான்னு ஒரு மாடல் வந்துச்சு. மேசை அசையாது, ரம்பம் மட்டும் சாயும். வார்ப்பிரும்பு மேசை, அடியில மூடின பெட்டி. அமெரிக்காவுல டேபிள் சான்னா இன்னிக்கும் கண்ணுல வர்ற உருவம் அதுதான்.

அவ்ளோ நல்ல மேசைக்குக் குடுத்த ஃபென்ஸ் மட்டும் பல காலத்துக்குப் பாவப்பட்ட ஜென்மம். டெல்டாவோட ஜெட்-லாக் ஃபென்ஸையே எடுத்துக்கங்க. சட்டத்தோட முன்பக்கம் ஒரு பிடி, பின்பக்கம் ஒரு பிடி. கைப்பிடியைத் திருகினா ரெண்டும் இறுகணும். எங்கெல்லாம் ரெண்டு பிடி இருக்கோ அங்கெல்லாம் ஒண்ணு முன்னாடி இறுகும், இன்னொண்ணு பின்னாடி இறுகும். முன்பக்கம் முதல்ல பிடிச்சுக்கிட்டா பின்பக்கம் இழுத்துக்கிட்டு நிக்கும். அதனால ஒவ்வொரு தடவையும் டேப் எடுத்து முன்னாடி அளந்து, பின்னாடி அளந்து, கையால ஒரு தட்டு தட்டி, மறுபடி அளந்து... என் மேசையோட வந்த கைடும் இதே ஜாதிதான், அதுவும் ரொம்ப ஏழை உறவு. ஒரு ஆங்கிள் துண்டு, ரெண்டு முனையிலயும் போல்ட்டு நட்டு. எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, வேண்டாம். பொதுவா உள்ளூர்ல செய்யற மேசைகள்ல மோட்டாருக்கும் பிளேடுக்கும் குடுக்கற கவனம் கைடுக்குக் கிடைக்கறதில்லை.

கோணினா என்ன ஆயிடும், அரை நூல் தானேன்னு தோணலாம். இங்கதான் விஷயம் இருக்கு.

என் மேசையில பத்தங்குல பிளேடு நிமிஷத்துக்குச் சுமாரா 4000 சுத்து சுத்துது. கணக்குப் போட்டா பல்லோட வேகம் வினாடிக்கு 53 மீட்டர், மணிக்கு 190 கிலோமீட்டர். ரம்பத்தோட முன்பக்கப் பல்லு மரத்தைக் கீழ நோக்கி மேசையில அழுத்தும். நல்ல பிள்ளை. பின்பக்கப் பல்லு கீழ இருந்து மேல எழும்பி, நாம நிக்கிற திசைக்கு வரும். மரம் அதைத் தொடாத வரைக்கும் பிரச்சனை இல்லை. கைடு பின்பக்கமா ரம்பத்தை நோக்கிக் கொஞ்சம் சாஞ்சிருந்தா மரம் போகப் போக ரம்பத்துக்கும் கைடுக்கும் நடுவுல ஆப்பு மாதிரி மாட்டும். பின்பல்லு கவ்வும். கவ்வின மறு நொடி மரம் நம்மைப் பாத்துப் பறந்து வரும். இதுக்குப் பேர் கிக்பேக். மரம் வயித்துல அடிக்கறது பாதி ஆபத்துதான். மரம் திடீர்னு காணாமப் போனதும் அதைத் தள்ளிக்கிட்டு இருந்த கை எங்க போகும்? பிளேடு மேல.

என் ஷெட்டோட தகரக் கதவுல ஒரு பள்ளம் இருக்கு. பழைய கைடுல ஒரு ரெண்டடி பலா ரீப்பர் செஞ்ச வேலை. பக்கவாட்டுல நின்னுதான் எப்பவும் தள்றது. அதனால கதவோட போச்சு. அன்னிக்கு சாயங்காலமே கைடைக் கழட்டி வச்சாச்சு.

அமெரிக்காவுல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்ன கணக்குப்படி டேபிள் சாவால நாளுக்குச் சுமாரா பத்து உறுப்புத் துண்டிப்பு. பெரும்பாலும் விரல். நம்ம ஊருக்கு அப்படி ஒரு கணக்கைத் தேட வேண்டாம். அடுத்த தடவை மரப்பட்டறைக்குப் போறப்ப நீட்டற கைகளைப் பாருங்க, போதும்.

சரி, ஃபென்ஸ் கதைக்கு வருவோம். பெரிய கம்பெனிகள் நாற்பது வருஷம் செய்யாததை அரிசோனா மாநிலம் மேசா ஊர்ல பில் பீஸ்மேயர் என்கிற அலமாரி செய்யற தொழிலாளி செஞ்சார். 1979ல் காப்புரிமை. அவர் கேட்ட கேள்வி ரொம்பச் சின்னது: பின்பக்கம் எதுக்குப் பிடி? நாம வச்சிருக்கற மூலைமட்டத்தை நினைச்சுப் பாருங்க. ஒரு பக்கத்தைப் பலகை ஓரத்துல அழுத்தினா போதும், இன்னொரு பக்கம் தானா நேரா நிக்கும். அதையே பெருசா, இரும்புல செஞ்சார். மேசையோட முன்விளிம்புல ஒரு கனமான சதுர ட்யூப். அது மேல டி எழுத்து வடிவத்துல ஃபென்ஸ். டியோட தலைப்பகுதி ட்யூப் மேல உக்காரும். தலையோட ரெண்டு முனையும் ட்யூபோட ஒரு பக்கத்தைத் தொடும், நடுவுல இருக்கற நெம்புகோல் மறுபக்கத்துல அழுத்தும். மூணு இடத்துல தொட்டாச்சு, இனிமே அது ஒரே ஒரு கோணத்துலதான் நிக்க முடியும். பின்பக்கம் எதுவும் பிடிக்க வேண்டாம், சட்டமே கனமான ட்யூப், வளையாது. நெம்புகோலை ஒரு தட்டு தட்டினா இறுகிடுச்சு.

இன்னொரு வேலையும் செஞ்சார். ட்யூப் மேல ஒரு அளவு டேப்பை ஒட்டி, ஃபென்ஸ்ல ஒரு கண்ணாடித் துண்டுல மெல்லிய கோடு போட்டு வச்சார். கோடு எந்த எண்ணு மேல நிக்குதோ அதுதான் அகலம். அதுக்கப்புறம் டேப் எடுத்து அளக்கற வேலையே இல்லை. எந்தத் தடவை பூட்டினாலும் இணையா நிக்கும்னு நம்பிக்கை இருந்தாதானே இப்படி டேப் ஒட்ட முடியும்?

பட்டறைக்காரங்க தங்களோட பழைய ஃபென்ஸைக் கழட்டிப் போட்டுட்டு இதைத் தனியா வாங்கி மாட்ட ஆரம்பிச்சாங்க. மெஷின் ஒரு கம்பெனி, ஃபென்ஸ் இன்னொரு ஆள். கடைசியில டெல்டாவே பீஸ்மேயர் கம்பெனியை வாங்கிடுச்சு. 1990களோட பிற்பாதியில காப்புரிமை முடிஞ்சதும் உலகம் பூரா நகல்கள். இன்னிக்குத் தைவான்ல செய்யற பாதி ஃபென்ஸ் அவரோட பேரப்பிள்ளைங்க.

இதோட அழகு என்னன்னா ஒரு வெல்டிங் கடையில இதைச் செஞ்சிட முடியும். மந்தாரக்குப்பத்துல அதுக்கா பஞ்சம்? சுரங்கத்தையும் அனல்மின் நிலையத்தையும் ஒட்டி வளர்ந்த ஊர். 1957ல் நெய்வேலியில தோண்ட ஆரம்பிச்சதுல இருந்து, பல்லு வச்ச பெரிய சக்கரம் சுத்தி மண்ணை அறுக்கற ஜெர்மன் மெஷினைப் பாத்துப் பழகின பக்கம் இது. கடலூர் ரோட்டுல கொஞ்ச தூரம் நடந்தாலே வெல்டிங் பட்டறை, லேத்து பட்டறை. ரெண்டங்குல சதுர ட்யூப் தண்டவாளத்துக்கு, மூணுக்கு ரெண்டு ட்யூப் சட்டத்துக்கு, தலைக்குக் கனமான ஆங்கிள். கூலியோட நாலாயிரத்துச் சொச்சம்.

செய்யப்போறவங்களுக்கு ஒரு விஷயம். வெல்டிங் இழுக்கும். மூலைமட்டம் வச்சு நேரா நிறுத்திப் பத்த வச்சாலும் ஆறும்போது ஒரு பக்கமா சாஞ்சிடும். அதனால ஒரு பக்கம் ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டுன்னு மாத்தி மாத்தி வச்சு, ஆற விட்டு, அப்புறம்தான் முழுசா ஓட்டணும். அதுக்கு மேலயும் மிச்சமிருக்கற கோணலுக்குத்தான் தலையோட ரெண்டு முனையிலயும் ஆலன் ஸ்க்ரூ. அதைத் திருகித் திருகி சட்டத்தை ரம்பத்துக்கு இணையா கொண்டு வரலாம். பீஸ்மேயரும் அப்படித்தான் வச்சார். சட்டத்தோட முகத்துக்கு மைக்கா ஒட்டின பிளைவுட், மரம் வழுக்கிக்கிட்டுப் போகும். கோடு போட்ட கண்ணாடிக்கு ஒரு பழைய சிடி டப்பாவோட மூடி. (யார் வீட்டுல இல்லை?) சரிபார்க்கறதுக்கு ரம்பத்தோட ஒரே ஒரு பல்லுல மார்க்கர்ல குறி வச்சு, அதே பல்லை முன்னாடி கொண்டு வந்து அளந்து, பின்னாடி கொண்டு போய் அளக்கணும். பின்பக்கம் ஒரு கடுதாசி கனம் விலகியிருந்தா நல்லதுன்னு ஒரு கட்சி, துல்லியமா இணையா இருக்கணும்னு ஒரு கட்சி. நான் கடுதாசிக் கட்சி. உள்பக்கமா மட்டும் சாயவே கூடாதுங்கறதுல ரெண்டு கட்சிக்கும் கூட்டணி.

இத்தோட பதிவை முடிச்சா பீஸ்மேயர் புராணமா போயிடும். எனக்கு அவரோட ஃபென்ஸ்ல ஒரு பெரிய சந்தேகம் இருக்கு. அது அவரோட தப்பு இல்லை. நம்ம மரத்தோட குணம்.

அவர் ஃபென்ஸ் நீளம். மேசையோட முன்விளிம்புல இருந்து பின்விளிம்பு வரைக்கும் போகும். தண்டவாளமும் நீளம், ரம்பத்துக்கு வலப்பக்கம் ஐம்பது அங்குலம் வரைக்கும் அளந்து அறுக்கலாம். எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட்டை நினைச்சுச் செஞ்சதுன்னு பாத்தாலே தெரியும். பிளைவுட் சாது. அறுத்தா அறுத்த இடத்துலயே நிக்கும், விரியாது, சுருங்காது. அதுக்கு நீளமான சட்டம் நல்லது.

நான் அறுக்கறது பலா. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்தப்ப பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் எப்படி விழுந்து கிடந்ததுன்னு பாத்தவங்களுக்குத் தெரியும். பாட்டன் நட்ட மரமெல்லாம் வேரோட மல்லாந்து கிடந்துச்சு. மிருதங்கக் கட்டைக்கும் வீணைக்கும் தேடித்தேடி வாங்கற மரம், அந்த வருஷம் மரவாடிகள்ல குவிஞ்சு கிடந்தது. விக்கறவங்க முகத்தைப் பாத்து விலை பேச வாய் வராது. அப்ப வாங்கின பலகைகள் இன்னும் கொஞ்சம் என் ஷெட்டுல பரண் மேல இருக்கு. புதுசா அறுத்தா மஞ்சளா இருக்கும், வருஷக்கணக்குல காத்தும் வெளிச்சமும் பட்டு தேன் நிறத்துக்கு வந்து, அப்புறம் பழுப்பாகும். அழகான மரம். ஆனா சாது இல்லை.

பலா மாதிரி மரம் சாஞ்சு வளர்ந்தா, அதைத் தாங்கறதுக்காக மேல்பக்கத்து இழைகள் இழுத்துப் பிடிச்சுக்கிட்டே வளரும். மரம் வெட்டினாலும் அந்த இழுப்பு பலகைக்குள்ள இருக்கும். சரியா காயாத பலகையா இருந்தா இன்னும் மோசம். அப்படி ஒரு பலகையை நீளவாக்குல அறுத்தா, அறுத்த ரெண்டு பாதியும் தனக்கு வேணும்கற பக்கம் வளையும். வெளிப்பக்கம் வளைஞ்சா ஒரு பாதி கைடு மேல போய் முட்டும். கைடு நீளமா இருக்கு, அது நகராது. மரம் எங்க போகும்? ரம்பத்து மேல சாயும். பின்பல்லு காத்துக்கிட்டு இருக்கு. கைடு எவ்ளோ துல்லியமா இணையா இருந்தாலும் இது நடக்கும். சொல்லப்போனா கைடு எவ்ளோ உறுதியோ அவ்ளோ மோசம்.

இதை ஐரோப்பாக்காரங்க வேற மாதிரி தீர்த்தாங்க. ஷீட்டுக்குத் தனி வழி: 1906ல் பெர்லின்ல வில்ஹெல்ம் அல்டென்டோர்ஃப் நகரும் மேசை வச்ச ரம்பத்தைச் செஞ்சார். பலகையைச் சட்டத்துல உரசித் தள்ளறதுக்குப் பதிலா, மேசையே பலகையைச் சுமந்துக்கிட்டுப் போகும். இன்னிக்கு மாடுலர் கிச்சன் செய்யற இடங்கள்ல நிக்கறது அதோட வாரிசுதான். முழு மரத்துக்கு வேற வழி: குட்டை ஃபென்ஸ். சட்டம் ரம்பத்தோட முன்பல்லைத் தாண்டிக் கொஞ்ச தூரத்துலயே, அதிகம் போனா ரம்பத்தோட நடு வரைக்கும் வந்து, முடிஞ்சிடும். அதுக்கப்புறம் வெத்திடம். மரம் அறுபட்ட பிறகு அது எந்தப் பக்கம் வளைஞ்சாலும் வளையட்டும், முட்ட ஒண்ணும் இல்லை. இங்கிலாந்துல வாட்கின் கம்பெனி மேசைகள்ல ஃபென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி வச்சுக்கற வசதி இருந்தது. அமெரிக்காவுலயும் டெல்டா 1980கள்ல கொண்டு வந்த யூனிஃபென்ஸ்ல அலுமினியச் சட்டத்தை முன்பக்கமா இழுத்துக் குட்டையாக்கிக்கலாம். நிறைய பேர் அதை இழுக்கவே இல்லைங்கறது தனிக்கதை.

ஆக என் கைடு இப்ப ஒரு கலப்புத் திருமணம். பூட்டு மேசா ஊர்க்காரரோடது. நீளம் ஐரோப்பாவோடது. சட்டத்தோட முகத்துல இன்னொரு பிளைவுட் துண்டை ரெண்டு போல்ட்டுல மாட்டியிருக்கேன், ரம்பத்தோட நடு வரைக்கும்தான் வரும். பலா அறுக்கறப்ப மாட்டறது, பிளைவுட் ஷீட் அறுக்கறப்ப கழட்டறது. அரை நிமிஷ வேலை. இணையத்துல கிடைக்கற அமெரிக்க வீடியோக்களைப் பாத்து நீள ஃபென்ஸ் செஞ்சுக்கற நம்ம ஊர் நண்பர்கள் யாராவது இதைப் படிச்சா, தயவுசெஞ்சு இந்தத் துண்டுப் பலகையை விட்டுடாதீங்க.

இன்னொண்ணு பாக்கி இருக்கு, அதுக்கு ஃபென்ஸ்ங்கற வார்த்தைக்கே திரும்பிப் போகணும். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்துல 21ஆம் பிரிவோட தலைப்பே இயந்திரங்களுக்கு வேலி போடறது பத்தித்தான். அங்க ஃபென்ஸ்னா மரத்துக்கு வழிகாட்டி இல்லை, மனுஷனுக்குக் காப்பு. அந்தச் சட்டத்தின் கீழ வந்த நம்ம மாநில விதிகள்ல வட்ட ரம்பத்துக்குத் தனியாவே சொல்லியிருந்தாங்க. ரம்பத்துக்குப் பின்னாடி அதே நேர்கோட்டுல ஒரு தகடு நிக்கணும், அதுக்கு ரைவிங் நைஃப்னு பேரு. மேல மூடி இருக்கணும். மரத்தைக் கடைசியில தள்ளறதுக்குக் குச்சி குடுக்கணும். இங்கிலாந்துல 1922ல் வந்த மரவேலை இயந்திர விதிகளோட வழித்தோன்றல் இதெல்லாம். அமெரிக்காவுல புது மேசைகள்ல இந்தத் தகடு கட்டாயம்னு தர விதி வந்ததே 2000களோட இறுதியிலதான். அவங்களுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னாடியே நம்ம காகிதத்துல இருந்திருக்கு!

காகிதத்துலதான். மின்சாரம் ஓடற இடத்துல பத்துப் பேர் வேலை செஞ்சாதான் அது தொழிற்சாலை. மூணு பேர் இருக்கற பட்டறைக்கு அந்த வேலி எட்டாது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தோட இடத்துல 2020ஆம் வருஷத்துத் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு வந்தாச்சு. அதுல பத்து இருபது ஆயிடுச்சு. மரவேலை நடக்கற இடங்கள்ல இருபது பேர் இருக்கற இடம் எத்தனைன்னு நீங்களே எண்ணிக்கங்க. அதுலயும் இன்னிக்கு வேலைக்கு வர்ற தம்பிங்க கையில இருக்கறது மேசை ரம்பம் கூட இல்லை. மார்பிள் அறுக்கற கையடக்க மெஷின்ல மர பிளேடு மாட்டி, பிளைவுட்டுக்கு அடியில கவுத்துப் போட்டு, ஒரு ரீப்பரை ஆணி அடிச்சு கைடாக்கி ஓட்டறாங்க. அந்த மேசைக்கு எந்த விதியும் இல்லை.

அமெரிக்காவுல ஸ்டீவ் காஸ்னு ஒருத்தர், இயற்பியல் படிச்ச காப்புரிமை வக்கீல், விரல் பட்டா சில மில்லி வினாடியில பிளேடு நிக்கற மெஷினைக் கண்டுபிடிச்சார். சாஸ்டாப். ஈர சாசேஜை வச்சுக் காட்டுவார், தோல்ல ஒரு கீறலோட பிளேடு நின்னுடும். 2004ல் விற்பனைக்கு வந்தது. அற்புதமான விஷயம்தான். விலையைப் பாத்தா நம்ம ஆசாரி சொன்ன பென்ஸ் ஞாபகம் வருது. அந்தத் தகடுக்கு அவ்ளோ செலவு இல்லை. மரம் அறுபட்ட இடைவெளிக்குள்ள நின்னு, அது மூடிக்காம, பின்பல்லைத் தொடாம பாத்துக்கற சாதாரண இரும்பு. எலக்ட்ரானிக்ஸ் கிடையாது, காப்புரிமை கிடையாது. என் மேசையில அது இல்லை. மாட்டறதுக்கு இடமே விடாமதான் செஞ்சிருக்காங்க.

அதனால இப்ப அதுல இறங்கியாச்சு. தகடோட கனம்தான் சூட்சுமம். என் பிளேடோட கார்பைட் பல்லு அகலம் 3.2 மில்லிமீட்டர், பிளேடோட உடம்பு 2.2. தகடு உடம்பை விடக் கனமா இருக்கணும், பல்லை விட மெல்லிசா இருக்கணும். 2.5 மில்லிமீட்டர் தகடு கடையில கிடைச்சது. பிளேடோட வளைவுக்கு ஏத்த மாதிரி உள்விளிம்பை வெட்டி, பல்லுக்கும் தகடுக்கும் ரெண்டு நூல் இடைவெளி விட்டு, பிளேடு உச்சிக்குக் கொஞ்சம் கீழ நிக்கற மாதிரி அட்டையில வரைஞ்சு குடுத்திருக்கேன். ரம்பம் ஏறி இறங்கறப்ப தகடும் கூடவே ஏறி இறங்கணும், அதுக்கு பேரிங் வீட்டோட சேத்து ஒரு பிராக்கெட் வேணும். லேத்துக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, மேசையோட அடிப்பாகத்தைக் கழட்டி எடுத்துக்கிட்டு செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கார்.